‘இரண்டும் கூடாது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? போத், ஐதர், நைதர், ஈச், எவ்ரி குறித்த ஐயம்

வரைவாளர் எழுதியது:

வணக்கம். இயந்திரங்களின் பயன்பாட்டுக் கையேடுகளைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் பணியில், இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பேசும் வாக்கியங்கள் வரும்போதெல்லாம் எங்கள் குழுவில் கருத்து வேறுபாடு எழுகிறது. இப்போது எங்கள் முன் இருப்பது இந்த வாக்கியம்: ‘இயந்திரம் ஓடும்போது இரண்டு வால்வுகளும் திறந்திருக்கக் கூடாது.’ இதை ஒருவர் ‘போத் வால்வ்ஸ் மஸ்ட் நாட் பி ஓபன்’ என்று எழுதினார். மூலத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்துவதால் இதில் குறை காண ஒன்றுமில்லை என்கிறார் அவர். எதிர்மறை வாக்கியத்தில் ‘போத்’ வரவே கூடாது, ‘நைதர் வால்வ் மஸ்ட் பி ஓபன்’ என்பதே சரி என்கிறார் மற்றொருவர்.

இதனோடு சேர்த்து இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இரண்டே பொருள்கள் இருக்கும்போது ‘ஈச்’ எழுதுவதா, ‘எவ்ரி’ எழுதுவதா? ‘நைதர் ஆஃப் த வால்வ்ஸ்’ என்று தொடங்கினால் வினைச்சொல் ஒருமையில் வர வேண்டுமா, பன்மையில் வர வேண்டுமா? இலக்கண நூல்களின் பட்டியல்களைப் பார்த்துவிட்டோம். காரணத்தோடு யாரேனும் விளக்கினால் பயனுள்ளதாக இருக்கும்.

பிழைதிருத்தி எழுதியது:

விதியைத் தேடுவதற்கு முன்னால், மூல வாக்கியத்தை எழுதியவர் என்ன சொல்ல நினைத்தார் என்பதைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். அந்தத் தமிழ் வாக்கியத்துக்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. முதல் வால்வும் திறந்திருக்கக் கூடாது, இரண்டாவது வால்வும் திறந்திருக்கக் கூடாது என்பது ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது, ஒன்று மட்டும் திறந்திருந்தால் தவறில்லை என்பது மற்றொன்று. ‘போத் வால்வ்ஸ் மஸ்ட் நாட் பி ஓபன்’ என்ற ஆங்கில வாக்கியமும் இந்த இரட்டைப் பொருளை அப்படியே சுமந்து நிற்கிறது. அதனால் அது இலக்கணப் பிழை அன்று. ஆனால் படிப்பவர் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வார் என்று எழுதியவரால் உறுதி சொல்ல முடியாத வாக்கியம் அது. பாதுகாப்புக் குறிப்பில் அப்படிப்பட்ட வாக்கியத்துக்கு இடமில்லை.

முதல் பொருள்தான் நோக்கம் என்றால் ‘நைதர்’ தேவை. ஆனால் உங்கள் இரண்டாவது நண்பர் எழுதிய வாக்கியத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ‘மஸ்ட்’ கட்டாயத்தைக் குறிக்கும் சொல். ‘நைதர் வால்வ் மஸ்ட் பி ஓபன்’ என்றால், ‘எந்த வால்வும் திறந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை’ என்று படிக்கவும் ஒரு வழி திறந்துவிடுகிறது. அனுமதியை மறுப்பதுதான் இங்கே வேலை என்பதால் ‘நைதர் வால்வ் மே பி ஓபன்’ என்று எழுதலாம். அதைவிட எளிது ‘கீப் போத் வால்வ்ஸ் குளோஸ்ட்’ என்பது. எதிர்மறையே இல்லாதபோது குழப்பத்துக்கு வழியில்லை. ‘போத்’ என்ற சொல்லும் தனக்குரிய இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டாவது பொருள்தான் நோக்கம் என்றால் ‘நைதர்’ முற்றிலும் தவறாகிவிடும். அப்போது ‘நெவர் ஓபன் போத் வால்வ்ஸ் அட் த சேம் டைம்’ என்று எழுத வேண்டும். எதிர்மறை வாக்கியத்தில் ‘போத்’ வரவே கூடாது என்ற கருத்து அளவுக்கு மீறியது என்பதற்கு இந்த வாக்கியமே சான்று. ‘நெவர்’ முன்னால் நின்று ‘போத்’ பின்னால் வரும்போது பொருள் தெளிவாகவே இருக்கிறது. ‘போத்’ எழுவாயாக முன்னால் நின்று, ‘நாட்’ வினையோடு பின்னால் வரும்போதுதான் ஐயம் பிறக்கிறது.

தமிழில் எதிர்மறை எப்போதும் வினையில்தான் குடியிருக்கிறது: யாரும் வரவில்லை, எதுவும் நடக்கவில்லை, இருவரும் பேசவில்லை. ஆங்கிலமோ இத்தகைய இடங்களில் எதிர்மறையை எழுவாய்க்குள் ஏற்றிவிட்டு, வினையை உடன்பாடாகவே விட்டுவிடுகிறது: நோபடி கேம், நத்திங் ஹேப்பன்ட், நைதர் ஆஃப் தெம் ஸ்போக். ‘யாரும்’ என்பதற்கு ‘எனிபடி’ என்று வைத்துக்கொண்டு ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று எழுதுபவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான். எதிர்மறை வாக்கியத்தில் ‘எனி’ என்ற சொல்லுக்கு முன்னாலேயே அந்த எதிர்மறை வந்திருக்க வேண்டும். ‘டு நாட் ஓபன் எனி வால்வ்’ சரி, ‘எனி வால்வ் மஸ்ட் நாட் பி ஓபன்ட்’ சரியில்லை. இரண்டே வால்வுகள் இருந்தால் ‘எனி’ இருந்த இடத்தில் ‘ஐதர்’ வரும்: ‘டு நாட் ஓபன் ஐதர் வால்வ்.’ இதற்கும் ‘நைதர்’ வாக்கியத்துக்கும் பொருள் ஒன்றே.

ஆய்தம் எழுதியது:

பிழைதிருத்தி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இத்தகைய வாக்கியங்களைத் தமிழ் படித்தவர்களின் ஆங்கிலக் குறை என்று ஒதுக்கும் போக்கு பொதுவாகவே காணப்படுவதால், ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இரட்டைப் பொருளைத் தமிழ் இலக்கணிகள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். ‘இரண்டும்’, ‘எல்லாரும்’ என்பவற்றில் வரும் உம்மை முற்றும்மை. ‘முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்’ என்பது நன்னூல் நூற்பா. முழுமையைக் குறிக்கும் அந்த உம்மை, சில இடங்களில் மிச்சம் இருப்பதையும் உணர்த்தும் என்பது அதன் கருத்து. ‘எல்லாரும் வந்திலர்’ என்றால் ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். உங்கள் வால்வு வாக்கியம் அதே வகையைச் சேர்ந்தது.

ஆங்கிலேயர்களும் இதே குழப்பத்தோடுதான் வாழ்கிறார்கள். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்ற பழமொழியை ‘ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்’ என்று அவர்கள் சொல்லும்போது, மின்னும் பொருள் ஒன்றுகூடப் பொன் இல்லை என்று யாரும் பொருள் கொள்வதில்லை. தர்க்கப்படி எழுதினால் ‘நாட் ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் கோல்ட்’ என்று ‘நாட்’ முன்னால் வர வேண்டும். பழமொழிக்கு அந்தச் சலுகை உண்டு, கையேட்டுக்குக் கிடையாது. ஆகவே ‘எல்லா வால்வுகளும் மூடப்படவில்லை’ என்ற வாக்கியம் வந்தால், சில மட்டும் மூடியிருக்கின்றன என்பதற்கு ‘நாட் ஆல் த வால்வ்ஸ் ஆர் குளோஸ்ட்’ என்றும், ஒன்றுகூட மூடவில்லை என்பதற்கு ‘நன் ஆஃப் த வால்வ்ஸ் இஸ் குளோஸ்ட்’ என்றும் பிரித்து எழுதுங்கள். ‘எவ்ரி’ என்ற சொல்லும் இப்படியே. ‘நாட் எவ்ரி’ தெளிவானது, ‘எவ்ரி வால்வ் இஸ் நாட் குளோஸ்ட்’ தெளிவற்றது.

இன்னொரு செய்தியும் உண்டு. பயன் குறைவு, சுவை அதிகம். ஆங்கிலத்தில் இரண்டுக்கென்று தனிச் சொற்கள் இவ்வளவு இருப்பதற்குக் காரணம், அம்மொழியில் ஒரு காலத்தில் இருமை எண் இருந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் ‘நாம் இருவர்’ என்பதற்கும் ‘நீங்கள் இருவர்’ என்பதற்கும் தனித்தனிப் பெயர்ச்சொற்கள் இருந்தன. 13ஆம் நூற்றாண்டுக்குள் அவை வழக்கிழந்துவிட்டன. ‘வெதர்’ (whether) என்ற சொல்கூட ‘இரண்டில் எது’ என்று கேட்கும் வினாச்சொல்லாக ஒரு காலத்தில் இருந்தது. போத், ஐதர், நைதர் ஆகியவை இன்றும் இருமையைக் காத்து வருகின்றன. தமிழில் ஒருமையும் பன்மையும் மட்டுமே உண்டு என்பதால், எண்ணிக்கை இரண்டா, மூன்றா என்று ஒவ்வொரு சொல்லிலும் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை.

வரைவாளர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பொறியாளரிடம் கேட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பதே அவர் கருத்து. ஒன்று திறந்திருப்பது இயந்திரத்தின் இயல்பான நிலையாம். எங்கள் குழுவில் இரண்டு தரப்பும் நைதர் வாக்கியத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது இந்தப் பதில் வந்தது. ‘அட் லீஸ்ட் ஒன் வால்வ் மஸ்ட் ரிமெய்ன் குளோஸ்ட்’ என்று எழுதலாமா? இதே கையேட்டில் ‘குழாயின் இரு முனைகளிலும் திருகுகள் உள்ளன’, ‘இரண்டு பெட்டிகளும் 50 கிலோ எடை கொண்டவை’ என்ற வாக்கியங்களும் வருகின்றன. முதல் வாக்கியத்தில் ‘ஐதர்’ போடலாம் என்று ஓர் அகராதி சொல்கிறது. அப்படியானால் ஒரு முனையில் மட்டும் என்று பொருள் ஆகிவிடாதா?

மெய்ப்பாளர் எழுதியது:

‘அட் லீஸ்ட் ஒன் வால்வ்’ மிகச் சரி. இரண்டும் மூடியிருக்கும் நிலைக்கும் அது இடம் கொடுக்கிறது. அது ஆபத்தில்லாத நிலையா என்பதை மட்டும் பொறியாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எப்போதும் ஒன்று மட்டுமே மூடியிருக்க வேண்டும் என்றால் ‘எக்ஸாக்ட்லி ஒன்’ என்று மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த வாக்கியத்தில் ‘ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றைத் திறக்கவும்’ என்று வந்தால், அங்கே ‘அனதர்’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டே பொருள்கள் இருக்கும்போது மீதமிருப்பது ‘த அதர்’ மட்டுமே. ‘அனதர் வால்வ்’ என்றால் படிப்பவர் மூன்றாவது வால்வைத் தேடத் தொடங்குவார்.

இனி ‘ஐதர்’ பற்றி. உங்கள் அகராதி சொல்வது உண்மைதான். ‘ஐதர் சைட்’, ‘ஐதர் எண்ட்’ ஆகிய தொடர்களில் அச்சொல் ‘இரண்டில் ஏதேனும் ஒன்று’ என்ற பொருளை விட்டு, ‘இரண்டில் ஒவ்வொன்றும்’ என்ற பொருளைத் தருகிறது. சொல்லின் பழைய பொருளே அதுதான். ‘தேர் ஆர் ட்ரீஸ் ஆன் ஐதர் சைட் ஆஃப் த ரோட்’ என்றால் சாலையின் இருபுறமும் மரங்கள் உள்ளன என்று அர்த்தம். ஆனால் வினை கட்டளையாக மாறியதும் நிலைமை தலைகீழாகிறது: ‘கனெக்ட் த கேபிள் டு ஐதர் எண்ட்’ என்றால் எந்த முனையில் வேண்டுமானாலும் இணைக்கலாம் என்றே எல்லோரும் புரிந்துகொள்வார்கள். ஒரே பக்கத்தில் இந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கதையிலும் பயணக் கட்டுரையிலும் ‘ஐதர் சைட்’ அழகாகவே இருக்கும். தொழில்நுட்ப எழுத்தில் ‘அட் போத் எண்ட்ஸ்’ அல்லது ‘அட் ஈச் எண்ட்’ என்பதே நல்லது. இந்த இரண்டுக்கும் இடையிலும் நுண்ணிய வேறுபாடு உண்டு. முனைக்கு எத்தனை திருகுகள் என்று எண்ணிக்கை சொல்ல வேண்டுமென்றால் ‘ஈச்’தான் வேண்டும். ‘ஃபோர் ஸ்க்ரூஸ் அட் ஈச் எண்ட்’ என்றால் மொத்தம் எட்டுத் திருகுகள் என்பதில் ஐயமே இல்லை. ‘ஃபோர் ஸ்க்ரூஸ் அட் போத் எண்ட்ஸ்’ என்றால் மொத்தமே நான்கோ என்று ஒருவராவது கேட்பார்.

பெட்டிகளின் எடையும் இதே சிக்கல்தான், அதுவும் தமிழிலேயே தொடங்கிவிடுகிறது. தலா 50 கிலோவா, இரண்டும் சேர்த்து 50 கிலோவா? தலா என்றால் ‘த டூ பாக்ஸஸ் வே 50 கிலோஸ் ஈச்’. சேர்த்து என்றால் ‘த டூ பாக்ஸஸ் டுகெதர் வே 50 கிலோஸ்’. சேர்த்துச் சொல்லும் வாக்கியத்தில் ‘போத்’ வேண்டாம்; அச்சொல் பொருள்களைத் தனித்தனியே நினைவூட்டுவது, ‘டுகெதர்’ அவற்றை ஒன்றாக்குவது. அதே காரணத்தால் ‘போத் ஆர் சேம்’ என்று எழுதுவதும் நல்ல நடை அன்று. இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன என்பதற்கு ‘த டூ ஆர் த சேம்’ போதும்.

ஈச், எவ்ரி பற்றிய உங்கள் பழைய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ‘ஈச்’ இரண்டிலிருந்து தொடங்குகிறது, ‘எவ்ரி’ மூன்றிலிருந்து. இரண்டு வால்வுகளுக்கு ‘எவ்ரி வால்வ்’ என்று எழுத முடியாது. மூன்றும் அதற்கு மேலும் இருக்கும்போது இரண்டு சொற்களும் இலக்கணப்படி சரி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் பார்வைக்கு ‘ஈச்’, விதிவிலக்கில்லாமல் முழுக் கூட்டத்தையும் சொல்வதற்கு ‘எவ்ரி’. அதனால்தான் ‘ஆல்மோஸ்ட் எவ்ரி வால்வ்’ என்று சொல்ல முடிகிறது, ‘ஆல்மோஸ்ட் ஈச் வால்வ்’ என்று சொல்ல முடியவில்லை. ‘எவ்ரி டூ அவர்ஸ்’ என்ற தொடரில் இரண்டு வருகிறதே என்று கேட்கலாம். அங்கே இரண்டு மணி நேரம் என்பது ஒரே அலகு. அந்த அலகு திரும்பத் திரும்ப வருவதைத்தான் ‘எவ்ரி’ சொல்கிறது. பராமரிப்பு அட்டவணையில் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

வினை ஒருமையா, பன்மையா என்பதில் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஈச், எவ்ரி, ஐதர், நைதர் ஆகிய நான்கும் ஒவ்வொன்றாகச் சுட்டும் சொற்கள் என்பதால் எழுத்து நடையில் ஒருமை வினை: ‘நைதர் ஆஃப் த வால்வ்ஸ் இஸ் ஓபன்.’ பின்னால் ‘வால்வ்ஸ்’ என்று பன்மை வருவது நம்மை ஏமாற்றும். ‘ஆஃப்’ இல்லாமல் எழுதினால் அதுவும் ஒருமையாகிவிடும், ‘நைதர் வால்வ் இஸ் ஓபன்.’ ‘போத்’ எப்போதும் பன்மை. ஒரே ஒரு இடத்தில் கவனம் தேவை: ‘ஈச்’ எழுவாய்க்குப் பின்னால் போய் நின்றால், வினை அந்த எழுவாயைப் பின்பற்றும். ‘ஈச் வால்வ் ஹேஸ் அ லாக்’, ஆனால் ‘த வால்வ்ஸ் ஈச் ஹேவ் அ லாக்’.

பிழைதிருத்தி எழுதியது:

வினை பற்றி மெய்ப்பாளர் சொன்னது எழுத்து நடைக்குப் பொருந்தும். பேச்சில் ‘நைதர் ஆஃப் தெம் ஆர்’ என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே சொல்வதால், எதிரில் பேசுபவரைத் திருத்தும் வேலைக்குப் போக வேண்டாம். ‘நன்’ என்ற சொல்லில் இன்னும் நெகிழ்வு உண்டு. அது ‘நாட் ஒன்’ என்பதன் சுருக்கம், ஆகவே ஒருமை மட்டுமே வரலாம் என்று பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். பழைய ஆங்கிலக் காலம் தொட்டே அது பன்மை வினையோடும் வந்திருக்கிறது. ‘நன் ஆஃப் த வால்வ்ஸ் ஆர் குளோஸ்ட்’ என்று எழுதியதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டே பொருள்களுக்கு ‘நன்’ எழுதினால் அது பிழைதான்.

எண்ணிக்கை விதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வலிமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருவருக்கு ‘ஈச் அதர்’, பலருக்கு ‘ஒன் அனதர்’ என்பது ஏட்டில் வாழும் விதி. நல்ல எழுத்தாளர்கள் அதை எப்போதும் பொருட்படுத்தியதில்லை. இரண்டுக்கு ‘பிட்வீன்’, பலவற்றுக்கு ‘அமங்’ என்பதும் பாதி உண்மையே. மூன்று நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ‘பிட்வீன்’ என்றே எழுதுவார்கள், ஏனெனில் அங்கே ஒவ்வொரு தரப்பும் தனித்து நிற்கிறது. போத், ஐதர், நைதர் விஷயத்தில் மட்டும் இத்தகைய தளர்வுக்கு இடமில்லை. மூன்று பொருள்களைச் சொல்லிவிட்டு ‘போத்’ என்று தொடங்கினால் படிப்பவர் உடனே நின்றுவிடுவார்.

வரைவாளர் எழுதியது:

கடைசியாக ஒன்று. இந்த இயந்திரத்தின் பெரிய வடிவத்தில் மூன்று வால்வுகள் உள்ளன. எந்த இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பது விதி. மூன்றும் மூடியிருந்தால் தவறில்லை என்று பொறியாளர் உறுதிப்படுத்திவிட்டார். ‘ஆல் த த்ரீ வால்வ்ஸ்’ என்று தொடங்கியிருந்த வரைவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மெய்ப்பாளர் எழுதியது:

நிறுத்தியது நல்லது. ‘ஆல் த்ரீ’ என்பதே வழக்கு, நடுவில் ‘த’ தேவையில்லை. அதைவிட முக்கியம், ‘மூன்றும் ஒரே நேரத்தில் கூடாது’ என்று எழுதினால் இரண்டைத் திறக்க அனுமதி கொடுத்ததாகிவிடும். ‘நெவர் ஓபன் மோர் தன் ஒன் வால்வ் அட் அ டைம்’ என்று எழுதுங்கள். இரண்டு வால்வு வடிவத்துக்கும் இதே வாக்கியம் பொருந்துவதால், இரண்டு கையேடுகளிலும் ஒரே வரியை வைத்துக்கொள்ளலாம்.